நாய், மணி, உமிழ்நீர் புரிந்தது; பல் மருத்துவர் கேள்வியில் பூஜ்யம். எங்கே தவறினேன்?

முதலாண்டு_மாணவி | திங்கள், இரவு 9.42

வணக்கம். உளவியல் முதலாண்டு படிக்கிறேன். செவ்வியல் ஆக்கநிலையுறுத்தல் (ஒரு அறிகுறி வந்ததுமே உடம்பு தானாகப் பதில் சொல்லக் கற்றுக்கொள்வது) வகுப்பில் நடக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருந்தது. பாவ்லோவ், நாய், மணி, உமிழ்நீர். ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் உணவுக்கு முன் மணி அடித்துப் பழக்கியதும், மணிக்கே நாய்க்கு உமிழ்நீர் ஊறியது. இதில் குழம்ப என்ன இருக்கிறது என்று தைரியமாகச் சிறுதேர்வுக்குப் போனேன். நான்கு மதிப்பெண் கேள்வியில் முட்டை.

கேள்வி இதுதான்: "பல் மருத்துவரிடம் இருமுறை சிகிச்சை பெற்ற ஒருவருக்கு, மூன்றாம் முறை காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருக்கும்போதே துளைக்கருவியின் சத்தம் கேட்டு உடல் விறைக்கிறது. இதில் உள்ள தூண்டல்களையும் துலங்கல்களையும் குறிப்பிடுக."

நான் எழுதியது:
யூசிஎஸ் (கற்காமலே பதிலை எழுப்பும் தூண்டல்): துளைக்கருவி
யூசிஆர் (அதற்கு எழும் துலங்கல், அதாவது உடலின் பதில்): வலி
சிஎஸ் (பழக்கத்தால் பதிலை எழுப்பும் தூண்டல்): பல் மருத்துவர்
சிஆர் (அதற்கு எழும், கற்ற துலங்கல்): பயம்

நாலும் தப்பு என்று சிவப்பு மையில் கோடு. துளைக்கருவிதானே வலிக்க வைக்கிறது? அப்புறம் இன்னொரு சந்தேகம், கேட்கவே கூச்சமாக இருக்கிறது. நாய்க்கு இறைச்சி வாயில் பட்டாலும் உமிழ்நீர், மணி கேட்டாலும் உமிழ்நீர். ஒரே உமிழ்நீருக்கு எதற்கு இரண்டு பெயர்?


பழைய_பேனா | திங்கள், இரவு 10.15

கூச்சப்பட வேண்டாம் அம்மா. இருபது வருடம் இந்தப் பாடத்தை எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் பாதி வகுப்பு இதே இடத்தில்தான் வழுக்கும். அந்தக் கேள்வியே வழுக்குவதற்கென்று எழுதியது மாதிரி இருக்கிறது. நான் கேட்டிருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன்!

நீங்கள் பொருள்களின் பெயரை எழுதியிருக்கிறீர்கள். தூண்டல் என்பது பொருள் இல்லை. புலனில் வந்து படுகிற ஒரு நிகழ்ச்சி. துளைக்கருவி ஒரே பொருள்தான், ஆனால் அதிலிருந்து இரண்டு தூண்டல்கள் வருகின்றன: ஒன்று 'ரீங்' என்ற சத்தம், இன்னொன்று பல்லில் பட்டதும் வருகிற வலி. "துளைக்கருவி" என்று மட்டும் எழுதினால் எதைச் சொல்கிறீர்கள் என்று திருத்துபவருக்குத் தெரியாது.

இப்போது ஒவ்வொன்றையும் எடுத்து ஒரே கேள்வி கேளுங்கள்: "இது எந்தப் பழக்கமும் இல்லாத ஆளுக்கும் இப்படி நடக்குமா?" பல்லில் வலி வந்தால் யாருக்கும் உடல் விறைக்கும், கற்றுத்தர வேண்டியதில்லை. ஆகவே வலி யூசிஎஸ், வலிக்கு விறைப்பது யூசிஆர். சத்தத்துக்கு விறைப்பது? பல் மருத்துவரிடமே போகாத ஆளுக்கு அது வெறும் இயந்திரச் சத்தம். அப்படியானால் கற்றது. சத்தம் சிஎஸ், சத்தத்துக்கு விறைப்பது சிஆர். முதல் வருகைக்கு முன்னால் அதே சத்தத்துக்கு நடுநிலைத் தூண்டல் என்று பெயர்.

வலியைத் துலங்கல் பக்கம் போட்டதுதான் உங்கள் இரண்டாவது சறுக்கல். இந்தக் கதையில் வலி வந்து படுகிறது. உடல் பதில் சொல்கிறது.

இரட்டைப் பெயர் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. எதனால் எழுந்தது என்பதை வைத்துத்தான் பெயர். அதற்கு மேலும் விஷயம் இருக்கிறது, ஆய்வுக்கூடத்து ஆட்கள் யாராவது வந்து சொல்லட்டும்.


நள்ளிரவுக்_காக்கை | திங்கள், இரவு 11.58

நூறு வருடத்துக்கு முன்னால் ஒருவர் நாய் முன்னால் மணி அடித்தார். அதைப் பிடித்துக்கொண்டு இன்றைக்கும் நாலு பெயரை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். சமையலறைச் சத்தம் கேட்டதும் நாய் ஓடிவரும் என்பது நாய் வளர்க்கிற எல்லாருக்கும் தெரியும். இதற்கா நோபல் பரிசு?


எலிக்கூண்டு | செவ்வாய், காலை 7.20

காக்கையாரே, இதற்கு இல்லை. பாவ்லோவுக்கு 1904இல் நோபல் கிடைத்தது செரிமான உடலியல் ஆய்வுக்காக. அவர் உளவியலாளரே இல்லை, அப்படி யாராவது அழைத்தால் அவருக்குப் பிடிக்கவும் பிடிக்காது.

நடந்தது என்னவென்றால், நாயின் உமிழ்நீர்ச் சுரப்பிக் குழாயின் வாயைச் சிறு அறுவையால் கன்னத்துக்கு வெளியே திருப்பிவைத்து, வழிகிற உமிழ்நீரைச் சொட்டுச் சொட்டாக அளந்துகொண்டிருந்தார்கள். உணவு வாயில் பட்டால் எத்தனை சொட்டு என்பதுதான் ஆய்வு. ஆனால் பழகிய நாய்கள் உணவு வருவதற்கு முன்பே, உணவு கொண்டுவரும் ஆளின் காலடிச் சத்தத்துக்கே சொட்ட ஆரம்பித்துவிட்டன. அளவீடு கெட்டுப்போகிறது. வேறொருவராக இருந்தால் நாயை மாற்றியிருப்பார். இவர் ஆய்வையே மாற்றினார்.

நாய் ஓடிவரும் என்பது எல்லாருக்கும் தெரியும், சரி. எத்தனை முறை சேர்த்து வந்தால் எத்தனை சொட்டு, சேர்ப்பதை நிறுத்தினால் எத்தனை முறையில் குறையும், ஒரு ஒலிக்குப் பழக்கினால் அதற்கு நெருங்கிய ஒலிக்கு எவ்வளவு வரும் என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. அவர் மணியைவிட மெட்ரோனோம் என்ற தாளக் கருவி, பஸ்ஸர், ஒளி, தோலைத் தொடுதல் இவற்றையே அதிகம் பயன்படுத்தினார். மணியும் இருந்தது, ஆனால் பாடநூல் படத்தில் வருகிற அளவுக்கு அது நாயகன் இல்லை.

ஒரு கிளைக்கதை. அமெரிக்காவில் எட்வின் ட்விட்மையர் என்பவர் முழங்கால் அனிச்சையை ஆராயும்போது, சுத்தியல் தட்டும் முன் அடிக்கிற மணிக்கே கால் உதைப்பதைக் கண்டார். 1902இல் முனைவர் பட்டத்துக்கு எழுதினார், 1904இல் அமெரிக்க உளவியல் சங்கக் கூட்டத்தில் சொன்னார். யாரும் பெரிதாகக் கேட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்கு யாராவது எழுந்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் நம் பாடநூல் படத்தில் நாய்க்குப் பதில் முழங்கால் இருந்திருக்கும்.


முதலாண்டு_மாணவி | செவ்வாய், மாலை 6.05

பேனா ஐயா, இப்போது பளிச்சென்று இருக்கிறது. எலிக்கூண்டு அண்ணா, நன்றி!

சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்க்க வீட்டிலிருந்தே ஒரு உதாரணம். அப்பாவுக்குப் போன வாரம் கண்ணில் அறுவை. ஒரு நாளைக்கு நான்கு முறை நான்தான் சொட்டுமருந்து விடுகிறேன். முதல் நாள் ஒழுங்காக விழுந்தது. மூன்றாம் நாளிலிருந்து தகராறு. நாற்காலியில் தலையைச் சாய்த்து, கண்ணை விரித்துக்கொண்டு தயாராகத்தான் இருப்பார். நான் புட்டியின் மூடியைத் திறப்பேன், 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான், இமை மூடிக்கொள்ளும். சொட்டு கன்னத்தில் வழிந்து காதுக்குப் போகும். "நான் மூடலம்மா, அதுவா மூடிக்குது" என்கிறார்.

என் விடை: சொட்டு கண்ணில் படுவது யூசிஎஸ். அதற்கு இமை மூடுவது யூசிஆர். 'டிக்' சத்தம் முன்பு நடுநிலை, இப்போது சிஎஸ். 'டிக்' கேட்டு இமை மூடுவது சிஆர்.


பழைய_பேனா | செவ்வாய், மாலை 6.40

நான்குக்கு நான்கு. "'டிக்' சத்தம்" என்று எழுதினீர்கள் பாருங்கள், "புட்டி" என்று எழுதவில்லை. அதற்கே தனியாக ஒரு மதிப்பெண் போடலாம்.


எலிக்கூண்டு | செவ்வாய், இரவு 8.11

அண்ணா இல்லை, அக்கா. :)

அருமையான உதாரணம். இமைத்துலங்கல் எங்கள் துறையில் மிகவும் விரும்பிப் பயன்படுத்துகிற ஏற்பாடு. ஆய்வுக்கூடத்தில் சொட்டுக்குப் பதில் கண்ணில் 'ஃபூ' என்று ஒரு காற்றடிப்பு, 'டிக்'குக்குப் பதில் ஒரு ஒலி.

உன் இரண்டாவது சந்தேகத்துக்கு உன் அப்பாவின் கண்ணிலேயே பதில் இருக்கிறது. சொட்டு பட்டால் இமை எப்போது மூடும்? பட்ட பின்பு. 'டிக்'குக்கு? படும் முன்பு. பார்க்க ஒன்று போலத் தெரிந்தாலும், ஒன்று நடந்ததற்குப் பதில், மற்றது நடக்கப்போவதற்கு ஏற்பாடு. ஆய்வுக்கூடத்தில் கற்றுக்கொண்ட இமை, காற்று வருகிற நொடிக்குச் சரியாக மூடியிருக்கும்படி நேரம் பார்த்து மூடும். சிறுமூளையின் வேலை அது.

பல சமயம் இரண்டும் வெளிப்பார்வைக்குக்கூட ஒன்றாக இருக்காது. மின்னதிர்ச்சி பட்டால் எலி துள்ளும். அதிர்ச்சிக்கு முன் வருகிற ஒலியைக் கேட்டால் துள்ளாது, அசையாமல் உறைந்து நிற்கும். சிஆர் என்பது யூசிஆரின் நகல் என்று நினைத்தால் இதைப் புரிந்துகொள்ளவே முடியாது.


நள்ளிரவுக்_காக்கை | செவ்வாய், இரவு 11.30

ஒரு நிமிடம். அப்பா இமையை மூடினால் சொட்டு கண்ணில் படாது, கன்னத்தில் வழிகிறது. ஆக, மூடியதால் அவருக்கு லாபம். லாபத்துக்காகச் செய்வது உளவியலாளர் ஸ்கின்னர் கணக்கு இல்லையா? செயல்படு ஆக்கநிலையுறுத்தல், அதாவது பலனைப் பார்த்துக் கற்பது? இருவரும் முழு மதிப்பெண் போட்டுவிட்டீர்கள்.


எலிக்கூண்டு | புதன், காலை 6.55

காக்கை சரியான இடத்தில் கொத்தியிருக்கிறது.

இரண்டுக்கும் வித்தியாசம் துலங்கலின் தோற்றத்தில் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது. செவ்வியல் ஏற்பாட்டில் நீ என்ன செய்தாலும் யூசிஎஸ் வந்தே தீரும். பாவ்லோவின் நாய் எச்சில் ஊறினாலும் ஊறாவிட்டாலும் இறைச்சித்தூள் வரும். செயல்படு ஏற்பாட்டில், செய்தால்தான் கிடைக்கும், அல்லது செய்தால்தான் தப்பலாம். உண்மை வாழ்க்கை இந்தக் கோட்டை மதிப்பதில்லை. அப்பாவின் இமை முதலில் செவ்வியல் வழியில் கற்றிருக்கும். பிறகு "மூடினால் படவில்லை" என்ற பலனும் சேர்ந்து அதை உறுதிப்படுத்தியிருக்கலாம். சொட்டு ஒவ்வொரு முறையும் கண்ணில் விழுந்தே தீரும்படி இமையை விரலால் பிடித்துக்கொண்டால், அப்புறமும் 'டிக்'குக்கு இமை துடித்தால், பலன் கணக்கு அடிபட்டுப்போகும்.

தேர்வில் இப்படியெல்லாம் எழுதாதே தங்கச்சி. அனிச்சையான துலங்கல், முன்னால் ஒரு அறிகுறி, அவ்வளவு இருந்தால் செவ்வியல் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போ.


மூன்றாம்_மாடிச்_செவிலி | புதன், பிற்பகல் 2.20

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இமையை விரலால் பிடிப்பது என்றால் கீழ் இமையை மெல்லக் கீழே இழுத்து, உள்ளே உருவாகிற பை போன்ற இடத்தில் விடுங்கள். கருவிழி மேல் நேராக விட வேண்டாம். புட்டியின் முனை இமையில் படக்கூடாது. கை கழுவிவிட்டு.

நான் புற்றுநோய்ப் பிரிவில் வேலை பார்த்தவள், அதனால் இந்த இழையைப் பார்த்ததும் நிற்காமல் போக முடியவில்லை. கீமோ எடுக்க வருகிறவர்களில் சிலருக்கு, மருந்து ஏற்றுவதற்கு முன்பே, மருத்துவமனை வாசல் மணம் பட்டதுமே குமட்டல் வந்துவிடும். ஒரு அம்மா மின்தூக்கியில் ஏறியதும் கையில் பையை விரித்துப் பிடித்துக்கொள்வார். மருந்து மூன்றாம் மாடியில், வாந்தி முதல் மாடியில். கூட வந்தவர்கள் "மனசுல தைரியம் வேணும்" என்று அறிவுரை சொல்லும்போது எனக்குக் கோபமாக வரும். இதில் மனத்திடத்துக்கு வேலை இல்லை. உடம்பு படித்த பாடம் இது.


முதலாண்டு_மாணவி | புதன், இரவு 8.30

அக்கா, இமை விஷயத்துக்கு மிக்க நன்றி, இன்று இரவு நன்றாக விழுந்தது! ஆனால் அந்த அம்மா கதையில் ஒரு சந்தேகம். சிஎஸ் வந்து அரை நொடிக்குள் யூசிஎஸ் வந்துவிட வேண்டும் என்று எங்கள் குறிப்பில் இருக்கிறது. கீமோ குமட்டல் பல மணி நேரம் கழித்துக்கூட வரும் இல்லையா?


எலிக்கூண்டு | புதன், இரவு 10.02

அரை நொடிக் கணக்கு இமைக்குப் பொருந்தும். எல்லாவற்றுக்கும் இல்லை. எதோடு எதைச் சேர்த்தாலும் ஒட்டிக்கொள்ளும், உடனே சேர்ந்து வந்தால் போதும் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். அதை உடைத்தவர்களில் முக்கியமானவர் ஜான் கார்சியா.

1966இல் அவரும் கோலிங்கும் செய்த சோதனையைக் கேள். எலிகள் நீர் குடிக்கும்போது மூன்றும் சேர்ந்து வரும்: ஒரு சுவை, ஒரு ஒளி, ஒரு 'கிளிக்'. பிறகு சில எலிகளுக்கு உடல்நலம் கெடும்படி செய்தார்கள், சிலவற்றுக்குக் காலில் மின்னதிர்ச்சி. நோய்ப்பட்ட எலிகள் அப்புறம் சுவையைத் தவிர்த்தன, ஒளியையும் சத்தத்தையும் கண்டுகொள்ளவில்லை. அதிர்ச்சி பட்டவை தலைகீழாக, ஒளியும் சத்தமும் வந்தால் குடிக்கவில்லை, சுவையைக் கண்டுகொள்ளவில்லை. வயிற்றுக் கோளாறுக்குக் காரணம் வாய்க்குள் போனது, தோலில் பட்ட வலிக்குக் காரணம் வெளியே இருப்பது என்று உடம்பு முன்கூட்டியே ஒரு சாய்வோடு வந்திருக்கிறது. சுவை வெறுப்பு ஒரே தடவையில் வரும், சுவைக்கும் நோய்க்கும் இடையே மணிக்கணக்கில் இடைவெளி இருந்தாலும் வரும்.


மூன்றாம்_மாடிச்_செவிலி | புதன், இரவு 10.25

இது குழந்தைகள் பிரிவில் கண்கூடு. கீமோவுக்கு முன் பிடித்ததைச் சாப்பிடட்டும் என்று பெற்றோர் பிள்ளைக்கு மிகவும் பிடித்ததையே கொடுப்பார்கள், பாவம். பிறகு அதன் பக்கமே அந்தப் பிள்ளை திரும்பாது. இலீன் பெர்ன்ஸ்டைன் என்பவர் 1978இல் இதை முறையாகச் சோதித்தார். கீமோவுக்கு முன் ஒரு புதுச் சுவை ஐஸ்கிரீம் கொடுக்கப்பட்ட குழந்தைகள் பிறகு அந்தச் சுவையை ஒதுக்கினார்கள். பிற்பாடு அவரும் ஒரு சகாவும் இதையே நன்மைக்குத் திருப்பினார்கள். உணவுக்கும் சிகிச்சைக்கும் நடுவே அழுத்தமான, பழக்கமில்லாத சுவையில் ஒரு மிட்டாய். வெறுப்பு மிட்டாய் மேல் போய் விழும், சாப்பாடு தப்பிக்கும். வெறுப்பைச் சுமக்க ஒரு மிட்டாய் போதும் என்பது எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.


நள்ளிரவுக்_காக்கை | வியாழன், இரவு 12.10

சரி, கொஞ்சம் மனம் மாறுகிறேன். ஆனாலும் அடிப்படை ஒன்றுதானே? இரண்டும் அடிக்கடி சேர்ந்து வந்தால் ஒட்டிக்கொள்ளும்.


எலிக்கூண்டு | வியாழன், காலை 7.05

அதுதான் இல்லை! இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான், ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1968இல் ராபர்ட் ரெஸ்கோர்லா வெளியிட்ட சோதனை. எலிகள், ஒரு ஒலி, ஒரு மின்னதிர்ச்சி. ஒரு குழுவுக்கு ஒலி இருக்கும் காலப்பகுதிகளில் அதிர்ச்சி வர 40 சதவீத வாய்ப்பு, ஒலி இல்லாதபோது வரவே வராது. இன்னொரு குழுவுக்கு ஒலி இருக்கும்போதும் அதே 40 சதவீதம், ஒலி இல்லாதபோதும் 40 சதவீதம். கவனியுங்கள், ஒலியும் அதிர்ச்சியும் சேர்ந்து வந்த எண்ணிக்கை இரண்டு குழுவுக்கும் ஒன்றுதான். ஒட்டிக்கொள்கிற கதை உண்மையென்றால் இரண்டும் ஒலிக்கு ஒரே அளவு பயப்பட வேண்டும். முதல் குழு நன்றாகப் பயந்தது. இரண்டாவது ஒலியைச் சட்டையே செய்யவில்லை. ஏன் செய்ய வேண்டும்? ஒலி வந்தாலும் அதிர்ச்சி, வராவிட்டாலும் அதிர்ச்சி. அந்த ஒலி எதையும் சொல்லவில்லை.

லியான் கேமின் இன்னும் ஒரு படி போனார். முதலில் ஒரு இரைச்சலுக்குப் பின் அதிர்ச்சி, எலி கற்றுக்கொண்டது. பிறகு இரைச்சலும் ஒளியும் சேர்ந்து வரும், பின் அதே அதிர்ச்சி. ஒளியைத் தனியாகக் காட்டினால்? ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதிர்ச்சி வரும் என்று இரைச்சலே சொல்லிவிட்டது, ஒளி கொண்டுவந்தது பழைய செய்தி. தடுத்தல் என்று இதற்குப் பெயர்.

1972இல் ரெஸ்கோர்லாவும் வாக்னரும் இதை ஒரு சமன்பாடாக்கினார்கள். எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவுதான் கற்றல். வித்தியாசம் சுழியானால் கற்றலும் சுழி. முதல் சில தடவைகளில் வேகமாக ஏறி, பிறகு தட்டையாகிற அந்த வளைகோடு இதிலிருந்து தானாகவே வந்துவிடும்.


பழைய_பேனா | வியாழன், காலை 9.30

இதில் நம் மொழி பற்றி ஒரு வார்த்தை. பாவ்லோவ் ரஷ்ய மொழியில் பயன்படுத்திய சொல் 'உஸ்லோவ்னி'. நிபந்தனைக்கு உட்பட்டது என்று பொருள். ஒலி வந்தால், பின்னால் உணவு வரும் என்ற நிபந்தனை இருக்கும்வரை, உமிழ்நீர். ஆங்கிலத்தில் 'கண்டிஷனல்' என்று வர வேண்டியது 'கண்டிஷன்டு' என்று பரவிவிட்டது. யாரோ பிடித்துப் பழக்கிவிட்ட மாதிரி ஒரு தொனி ஒட்டிக்கொண்டது. நம் பாடநூல்களில் 'ஆக்கநிலையுறுத்தல்', 'நிபந்தனைப்படுத்தல்' என்று இரண்டும் உண்டு. முன்னது வாயில் நுழைவதற்கே தனியாக ஒரு பாடவேளை வேண்டும். நான் வகுப்பில் அதைத்தான் சொன்னேன், தேர்வில் அதுதான் வரும் என்பதால். ஆனால் மனசுக்குள் எனக்குப் பிடித்தது நிபந்தனைதான். எலிக்கூண்டு சொன்ன 40 சதவீதக் கதை முழுக்க அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.


முதலாண்டு_மாணவி | வெள்ளி, காலை 8.15

நேற்று இரவு ஒரு காரியம் செய்தேன், திட்டாதீர்கள். மறைதல் (யூசிஎஸ் இல்லாமல் சிஎஸ் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் கற்ற துலங்கல் குறைவது) பாடத்தைப் படித்துவிட்டு, அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடி 'டிக்' சத்தம் மட்டும் கேட்கவைத்தேன், சொட்டு இல்லாமல். முன்பே தீர்ந்துபோன பழைய புட்டியை வைத்துத்தான், செவிலி அக்கா. மருந்துப் புட்டியைத் தொடவில்லை. சொட்டு வராது என்று அவரிடம் முதலிலேயே சொல்லியும்விட்டேன்.

சொல்லியும் முதல் ஐந்தாறு 'டிக்'குக்கு இமை மூடியது. அப்புறம் பாதி மூடியது. பன்னிரண்டாவதிலிருந்து ஒன்றும் இல்லை, என்னைப் பார்த்து "உனக்கு வேற வேலை இல்லையா" என்றார். வெற்றி என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன். இன்று காலை அதே காலிப் புட்டி, முதல் 'டிக்'. இமை மூடிக்கொண்டது!


பழைய_பேனா | வெள்ளி, காலை 8.40

தன்னிச்சையாக மீளுதல். பாவ்லோவே கண்டு எழுதியது. உங்கள் அப்பாவுக்கு என் அனுதாபம்.


எலிக்கூண்டு | வெள்ளி, காலை 9.10

மறைதல் என்ற பெயரே ஏமாற்றுகிறது. எதுவும் மறையவில்லை. "டிக் என்றால் சொட்டு" என்ற பழைய பாடம் அப்படியே இருக்கிறது. அதன் மேல் "இங்கே, இப்போது, டிக் என்றால் ஒன்றுமில்லை" என்று இரண்டாவது பாடம் வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த இரண்டாவது பாடம் இடத்தையும் நேரத்தையும் ரொம்பவே சார்ந்தது. மார்க் பௌட்டன் என்பவரின் ஆய்வுகள் இதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. ஓர் அறையில் கற்ற பயத்தை வேறோர் அறையில் மறையவைத்துவிட்டு முதல் அறைக்குக் கொண்டுபோனால் பயம் திரும்புகிறது. அச்சநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு ஆலோசனை அறையில் எல்லாம் சரியாகி, வெளியே போனதும் பயம் எட்டிப்பார்ப்பதற்கு இது ஒரு காரணம். ஆகவேதான் பல இடங்களில் வைத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள்.


நள்ளிரவுக்_காக்கை | வெள்ளி, காலை 11.00

சொட்டு வராது என்று அப்பாவுக்குத் தெரியும். தெரிந்தும் இமை மூடுகிறது. அப்படியானால் "எதிர்பார்ப்பு", "செய்தி" என்று நீங்கள் சொன்னதெல்லாம் யாருடைய எதிர்பார்ப்பு?


எலிக்கூண்டு | வெள்ளி, பிற்பகல் 1.25

நல்ல கேள்விகளாகவே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள், சந்தேகப் பேர்வழி என்ற பெயர் கெட்டுப்போகும்.

1998இல் கிளார்க், ஸ்குவயர் இருவரும் நினைவிழப்பு உள்ளவர்களிடம் இமைச் சோதனை செய்தார்கள். ஒலி காற்றடிப்பு வரை தொடர்ந்து இருந்தால், சோதனை பற்றிய விவரமே மனத்தில் தங்காத அவர்களும் கற்றார்கள். ஒலி நின்று, ஒரு நொடி போல மௌனம், பிறகு காற்று என்று இடைவெளி வைத்தால் அவர்களால் முடியவில்லை. நல்ல நினைவுள்ளவர்களிலும், எது எதற்கு முன் வருகிறது என்பதை உணர்ந்தவர்களே இடைவெளி வகையைக் கற்றார்கள். ஆக, யாருடைய எதிர்பார்ப்பு என்பதற்கு ஒரே பதில் இல்லை. சிலது சிறுமூளையோடு முடிந்துவிடும். சிலதற்கு நீங்கள் "எனக்குத் தெரியும்" என்று சொல்கிற அந்த ஆளும் வேண்டும்.


மூன்றாம்_மாடிச்_செவிலி | வெள்ளி, மாலை 5.50

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. உடலுக்குப் பழகிய போதைப்பொருளின் அதே அளவே ஒருவரைக் கொன்றுவிடலாம், வழக்கமில்லாத இடத்தில் எடுத்தால். ஷெப்பர்ட் சீகல் என்பவரின் ஆய்வு இது. வழக்கமான அறை, வழக்கமான சாமான்கள் எல்லாம் சிஎஸ். அவற்றைக் கண்டதும் உடம்பு மருந்துக்கு எதிர்ப்புறமாகத் தன்னைத் தயார்செய்துகொள்ளும். புது இடத்தில் அந்தத் தயாரிப்பு வராது, மருந்து முழு வேகத்தில் இறங்கும். 1982இல் எலிகளுக்கு அதிக அளவு ஹெராயின் கொடுத்துப் பார்த்தார்கள். பழகிய இடத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இறந்தன. அதே அளவு பழகியிருந்தும் வேறு இடத்தில் கொடுக்கப்பட்டவற்றில் மூன்றில் இரண்டு பங்கு. முன்பழக்கமே இல்லாதவற்றில் ஏறக்குறைய எல்லாமே.


முதலாண்டு_மாணவி | வெள்ளி, இரவு 9.00

ஐயோ. அப்படியானால் இங்கே யூசிஆரும் சிஆரும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். இனி "ஒரே உமிழ்நீருக்கு எதற்கு இரண்டு பெயர்" என்று கேட்க மாட்டேன்.

பேனா ஐயா, ஆல்பர்ட் குழந்தை சோதனை தேர்வுக்கு எவ்வளவு வேண்டும்?


பழைய_பேனா | வெள்ளி, இரவு 9.35

நான்கு வரி போதும். 1920, வாட்சன், ரேனர். சுமார் பதினொரு மாதக் குழந்தை. வெள்ளெலியைத் தொடும்போதெல்லாம் பின்னால் எஃகுக் கம்பியில் சுத்தியலால் அடித்தார்கள். பயம் முயலுக்கும் நாய்க்கும் உரோமக் கோட்டுக்கும் பரவியது, அது பொதுமைப்படுத்தல். பயத்தைப் போக்காமலே குழந்தையை அனுப்பிவிட்டார்கள். ஒரே ஒரு குழந்தை, பயத்தை அளந்ததும் கண்மதிப்பில்தான், அறம் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதைவிட நான்கு வருடம் கழித்து மேரி கவர் ஜோன்ஸ், பீட்டர் என்ற சிறுவனின் முயல் பயத்தை, அவன் விரும்பிச் சாப்பிடும் நேரத்தில் முயலைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவந்து போக்கியதைக் கூடுதலாக எழுதுங்கள். திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார்.


முதலாண்டு_மாணவி | அடுத்த வியாழன், இரவு 7.45

மறுதேர்வில் நான்குக்கு நான்கு! அப்பாவின் மருந்தும் நேற்றோடு முடிந்தது.

ஆனால் இன்று மாலை அவர் எதிரே உட்கார்ந்து குறிப்பு எழுதப் பேனாவின் மூடியைத் திறந்தேன். 'டிக்'. இமை மூடிக்கொண்டது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். இது பொதுமைப்படுத்தல்தானே?


எலிக்கூண்டு | அடுத்த வியாழன், இரவு 8.20

ஆமாம். பேனாவை மூடும்போது?


முதலாண்டு_மாணவி | அடுத்த வியாழன், இரவு 8.31

இப்போதுதான் போய்ப் பார்த்தேன். மூடும்போது ஒன்றுமே இல்லை! அதுவும் ஏறக்குறைய அதே 'டிக்'தான். நாலு தடவை செய்தேன். திறந்தால் மூடுகிறார், மூடினால் சும்மா இருக்கிறார்.


எலிக்கூண்டு | அடுத்த வியாழன், இரவு 8.40

மருந்துப் புட்டியைத் திறக்கிற 'டிக்'குக்குப் பின்னால்தான் சொட்டு. மூடுகிற 'டிக்' எப்போதும் சொட்டு விழுந்த பிறகு வந்தது, "இன்றைக்கு இவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டு. அப்பா நீ கவனிக்காததைக்கூடக் கவனித்திருக்கிறார். வேறுபடுத்தி அறிதல் என்ற தலைப்பில் எழுதிக்கொள்.


நள்ளிரவுக்_காக்கை | அடுத்த வியாழன், இரவு 11.55

கையை நீ பேனாவுக்குக் கொண்டுபோவதைப் பார்த்து மூடியிருந்தால்? நாளைக்கு முதுகுக்குப் பின்னால் வைத்துத் திறந்து பார்.